ஐஸில் வைக்காத கட்டி

மேலப்புதூர், திருச்சி
6-2-1984

பேட்ரிசியாவுக்கு அப்பா எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். ஒன்றரை வருஷமாக உன் அம்மாதான் எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி வரியில் ‘அப்பா சுகம்’ என்று அவளாகவே சேர்த்துக்கொள்வாள், நான் சொல்லி எழுதியதில்லை. இப்போது நானே பேனாவை எடுத்திருக்கிறேன் என்றால் ஒரு காரியம் இருக்கிறது. சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எனக்குத் தெரிந்த ஒருவர், லால்குடிப் பக்கம். ஐம்பத்தொன்பது வயது, ரிட்டயர்டு, நல்ல தேகக்கட்டு. அவருக்கு இடது நெஞ்சில், காம்புக்குப் பின்னால், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வலி கிடையாது. ஆண்பிள்ளைக்கு நெஞ்சில் என்ன வரப்போகிறது என்று ஒரு வருஷம் விட்டுவிட்டார். அப்புறம் பனியனில் கறை பட ஆரம்பித்தது. போன ஆகஸ்டில் ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு வருகிற அந்த வியாதிதான் என்று ரிப்போர்ட் வந்தது. இப்போது இடுப்பெலும்பு வலிக்கிறது, எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறதாம்.

ஆணுக்கு இது வருமா? வந்தால் அவனுடைய உடம்பில் ஏதாவது கோளாறு என்று அர்த்தமா? டாக்டர் ஹார்மோன், ரிசப்டர், கிரேடு என்று என்னென்னவோ சொல்கிறார். “பாம்பேல அந்த டெஸ்ட் பண்றா மாஸ்டர்” என்று, அதாவது அந்த ஆளிடம், சொன்னாராம். நீ அந்த மாதிரி இடத்தில்தானே இருக்கிறாய். அவருக்காகக் கேட்கிறேன். பதிலைக் கடிதத்தில் எழுது. டிரங்க் கால் வேண்டாம், போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நிற்கிறவன் எல்லாம் கேட்பான்.

அப்பா
தைரியராஜ்

*

பம்பாய்
12-2-1984

அப்பாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: வரும். ஆண்களுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் சுரப்பி இருக்கிறது. நூறு பெண்களுக்கு வந்தால் ஓர் ஆணுக்கு வரலாம். அதனால் அவர் ஆண் இல்லை என்று ஆகிவிடாது. ஆண்கள் வெட்கப்பட்டு மறைக்கிறார்கள், அதனால் தாமதமாக வருகிறார்கள். அதுதான் அவர்களைக் கொல்கிறது.

எனக்கே இதை எழுத விசித்திரமாக இருக்கிறது. ஜெரால்டு அண்ணன் கல்யாண விருந்தில், நான் என்ன வேலை செய்கிறேன் என்று சாமியார் கேட்டார். மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளைச் சோதிக்கிறேன் என்று சொன்னேன். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். பந்தியில் அத்தனை பேர் நடுவில் நீங்கள் எழுந்து நின்று, “வாயை மூடு, சோத்துல கை வைக்கிற நேரத்துல பேசுற பேச்சா இது?” என்று கத்தினீர்கள். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். மறுநாள் ரயிலேறியவள்தான் நான். இன்றைக்கு அதே வேலையைப் பற்றி நீங்களே கேட்கிறீர்கள். சந்தோஷப்படுவதா அழுவதா தெரியவில்லை.

சரி, உங்கள் நண்பருக்கு. கட்டியை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிய ஸ்லைடைப் பார்த்தால் கட்டி எந்த கிரேடு, எவ்வளவு முரடு என்று சொல்லலாம். அது ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா என்பது தனிச் சோதனை. அதுதான் ரிசப்டர். நான் தினமும் செய்வது அதைத்தான். ஆனால் அதற்குக் கட்டியை வெட்டிய உடனே ஐஸில் வைத்திருக்க வேண்டும். கெடாமலிருக்க ஃபார்மலின் மருந்தில் போட்டிருந்தால் ஸ்லைடு பண்ணலாம், ரிசப்டர் பார்க்க முடியாது. செத்துவிடும். எதில் போட்டார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். லால்குடிப் பக்கம் இருக்கிற ஓர் ஆம்பிளை தன் பனியன் கறையை உங்களிடம் வந்து சொல்வாரா? அப்படி யாரும் உங்களிடம் எதையும் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்த டாக்டர் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டது யாரை?

பேட்ரிசியா

*

திருச்சி
18-2-1984

பாப்பா,

என்னைத்தான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வார்த்தைக்கு மூன்று இன்லண்டு லெட்டரைக் கிழித்துப் போட்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவன். ‘நெஞ்சை நிமிர்த்துடா’ என்று எத்தனை ஆயிரம் பையன்களின் முதுகில் தட்டியிருப்பேன். எனக்கே அங்கே, அதுவும் பொம்பளைகளுக்கு வருகிற இடத்தில் வந்து தொலைத்தது. யாரிடம் போய்ச் சொல்ல? உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பனியனை நானே துவைக்க ஆரம்பித்தேன். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைக்கூட அலசாதவன் பனியனைத் துவைத்தால் எவளுக்குத்தான் சந்தேகம் வராது? அவள் என்னமோ ஏதோவென்று வேறு விதமாக நினைத்து ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் கொப்புளம், சின்ன ஆபரேஷன் என்று சொல்லி வைத்தேன். நம்பினாளா என்று தெரியாது.

இங்கே நம் பக்கத்து ஆஸ்பத்திரி எதற்குப் போனாலும் நர்ஸ், ஆயா, கம்பவுண்டர் எல்லாம் நம் கோயில் பங்குக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவதற்குள் மேலப்புதூர் முழுக்கப் பரவிவிடும். அதனால் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனேன். அழகியமணவாளன் என்று ஒரு சர்ஜன், உத்தர வீதியில் சின்ன நர்சிங் ஹோம் வைத்திருக்கிறார். அங்கே என்னைத் தெரிந்தவன் ஒருத்தன் கிடையாது. ஆனால் அந்த ஊர்க் கொடுமையைக் கேள். கோயிலுக்குப் போகிற ஆண்கள் அத்தனை பேரும் மேல்சட்டை இல்லாமல் தெருவில் கம்பீரமாக நடக்கிறார்கள், எண்பது வயசுக் கிழவர்வரை. நான் ஒருவன்தான் சட்டைக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓரமாகப் போய்க்கொண்டிருந்தேன்.

டாக்டர் தங்கமான மனுஷர். ஆபரேஷனுக்கு முன்னாலேயே கேட்டார், “மாஸ்டர், ஒங்காத்துல யாராவது டாக்டர், லாப் அப்டின்னு இருக்காளா? இருந்தா ஒரு வார்த்தை கேட்டுண்டு செய்யலாமே”. ஒருத்தரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். பெற்ற பெண் பம்பாயில் இதே வேலை பார்க்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் உனக்கு எழுதுவார், உனக்குத் தெரிந்துவிடும். கட்டியை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அவர்மேல் தப்பில்லை, எங்கும் அப்படித்தானாம். ஐஸில் வைக்கச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நீ. உன்னை இல்லை என்று சொன்னவன் நான்.

இப்போது இடுப்பு வலிக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார். அதை எப்படி உனக்கு எழுதுவேன்? நீ என் மகள். ஆணை ஆணாக வைத்திருக்கிறதை எடுத்துவிட வேண்டுமாம். அந்த ஹார்மோன் நின்றால் கட்டி ஒடுங்குமாம். எடுத்தும் ஒடுங்காமல் போகலாமாம். ரிசப்டர் தெரிந்திருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பேன் என்கிறார். இதைக் கேட்டுவிட்டு மறுபடி பாலத்தில் நடந்து வந்தேன், காவிரி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்லைடைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல். கோபம் இருந்தால் திட்டு, ஆனால் கடிதத்திலேயே திட்டு.

அப்பா

*

பம்பாய்
28-2-1984

அப்பா,

திட்டத்தான் போகிறேன். ஒன்றரை வருஷம் கோபத்தில் இருந்தேனே, அப்போதே உங்களுக்குக் கட்டி இருந்திருக்கிறது. பந்தியில் என்னை வாயை மூடச் சொன்ன அன்றைக்கே இருந்ததோ என்னவோ. ஒரு பெண் முதல் ரவுண்டு மருந்துக்கு வந்து உட்கார்ந்தால், ‘ஏம்மா இத்தனை நாள் சொல்லல?’ என்று எங்கள் டாக்டர்கள் கேட்பார்கள். தலையைக் குனிந்துகொள்வாள். எனக்குள் எரிச்சலாக வரும். அந்த மாதிரி உட்கார்ந்திருப்பது என் அப்பா என்று நான் நினைத்ததில்லை. அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடைப் பார்த்தேன். நானும் பார்த்தேன், எங்கள் பதாலஜி மேடமும் பார்த்தார். கிரேடு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. முரட்டு மூன்று இல்லை. செல்கள் இன்னும் குழாய் குழாயாக, சுரப்பி மாதிரியே வட்டம் கட்டி நிற்கின்றன. உட்கரு சின்னது, கிட்டத்தட்ட ஒரே அளவு. இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிற செல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதெல்லாம் நல்ல செய்தி.

உங்கள் பாஷையில் சொல்கிறேன். கிரேடு என்பது பையன்கள் வரிசையில் நிற்கிறார்களா, கலைந்து ஓடுகிறார்களா என்று பார்ப்பது. ரிசப்டர் என்பது அவர்களுக்கு விசில் கேட்கிறதா என்பது. ஹார்மோன்தான் விசில். விசில் கேட்டு வளருகிற கட்டி என்றால், விசிலை நிறுத்தினால் நின்றுவிடும். உங்கள் டாக்டர் சொல்கிற ஆபரேஷனும் அதற்குத்தான், இப்போது வந்திருக்கிற டமாக்ஸிஃபென் மாத்திரையும் அதற்குத்தான். ஆபரேஷன் விசிலையே பிடுங்கிவிடும். மாத்திரை காதை அடைக்கும். கேட்கவே கேட்காத கட்டிக்கு இரண்டும் வீண். அப்போது முடி கொட்டுகிற, வாந்தி எடுக்கிற மருந்துதான் கதி.

வரிசையில் ஒழுங்காக நிற்கிறவன் பெரும்பாலும் விசில் கேட்கிறவன்தான். எங்கள் லாபில் கிரேடு ஒன்றில் பெரும்பாலானவற்றில் ரிசப்டர் இருக்கிறது, மூன்றில் பாதிக்குக்கூட இருப்பதில்லை. ஆண்களின் கட்டியில் இன்னும் அதிகமாக இருக்கும் என்கிறார்கள். ஆனால் ஒழுங்காக நின்றபடியே காது கேட்காத பையனும் உண்டு அப்பா. அப்படி இரண்டு மூன்று பேரை நானே பார்த்திருக்கிறேன். ஊகத்தை நம்பி என் அப்பாவின் உடம்பில் கத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உங்கள் டாக்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். மகள் என்று எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கழுத்தெலும்புக்கு மேலே சின்னதாக ஒரு நெறி கட்டியிருக்கிறது என்று பதில் தந்தி அடித்தார். அதை எடுக்கலாம். எடுத்த அடுத்த நிமிஷம் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாயகன்ற ஃப்ளாஸ்கில் உடைத்த ஐஸும் கல்லுப்பும் கலந்து நடுவில் புதைக்க வேண்டும். ஃபார்மலின் பக்கத்திலேயே போகக் கூடாது. அதே நாளில் ப்ளேனில் மெட்ராஸ் வழியாக இங்கே வந்து சேர வேண்டும். ரயில் ஆகாது. இவ்வளவு தூரம் வந்து ‘இல்லை’ என்று முடிவு வந்தால், வழியில் கெட்டுப்போயிருக்குமோ என்று நான் அதை நம்ப மாட்டேன். ‘இருக்கிறது’ என்று வந்தால் நம்பலாம், இல்லாதது ஐஸில் முளைக்காது.

நானே வந்து எடுத்துப்போகலாம் என்று பார்த்தேன். சோதனைக்கு எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு நான் இங்கே காத்திருந்தால்தான் வந்ததும் செய்ய முடியும். கையில் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். அடிக்கடி ப்ளேனில் பம்பாய் வருகிறவர் நம் பங்கில் ஒருவர்தான் இருக்கிறார். யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பேட்ரிசியா

*

ஸ்ரீரங்கம், நர்சிங் ஹோம்
12-3-1984, காலை

பாப்பா,

இந்தக் கடிதத்தைச் சகாயநாதனிடமே கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டவில்லை. கையில் கொடுத்தனுப்புகிற கடிதத்தை ஒட்டினால் மரியாதை இல்லை. அதோடு அவனுக்குத் தெரியாதது இதில் இனி எதுவும் இல்லை.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. போயும் போயும் சகாயநாதனா! மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்துக்கொண்டு, சரக்கு எடுக்கப் பம்பாய்க்குப் ப்ளேனில் போய்வருவதைப் பூசைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறவன். கோயிலில் வாசகம் வாசித்தால் மைக் வேண்டாம், அப்படி ஒரு தொண்டை. ஊரில் யாருக்குப் பல் ஆடினாலும் அவனுக்குத் தெரியும். ஸ்கூல் டேயில் என்னை விட்டுவிட்டு அவனுக்கு மாலை போட்டார்கள் என்று பத்து வருஷம் அவனோடு பேசாமல் இருந்தவன் நான்.

வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போனேன். பத்தாம் ஸ்தலம் வந்தது, இயேசுவின் ஆடையை உரிகிற இடம். எல்லோரும் முழங்காலில் இருந்தார்கள். என்னால் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. முடிந்து வெளியே வந்ததும் சகாயநாதனை மாதா கெபிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். ‘நெஞ்சில் கட்டி’ என்று ஆரம்பித்தேன். “நெஞ்சுலன்னா, ஹார்ட்டா மாஸ்டர்?” என்றான். இல்லையப்பா, பொம்பளைகளுக்கு வருமே அது, என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. டிரில் மாஸ்டர் குரல்!

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “எங்க அக்கா இதுலதான் போனா மாஸ்டர். வயித்து நோவுன்னு ஊருக்குச் சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன்” என்றான். அப்புறம், “திங்கக்கிழமை ப்ளேனுக்கு மாத்திக்கறேன். ஃப்ளாஸ்க் என் கடையிலயே இருக்கு, பெரிய வாய், எவர்சில்வர்” என்றான். அவ்வளவுதான். நேற்றுப் பூசையில் ஒருத்தரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. அவன் வாயைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது.

உன் அம்மாவிடமும் சொன்னேன். “ஆகஸ்ட்லயே தெரியும்” என்றாள். கட்டுத் துணியைப் பார்த்திருக்கிறாள். ஏன்டி கேட்கவில்லை என்றேன். “நீங்க சொல்லாததை நான் எப்படிங்க கேக்கறது? எனக்கும் வெக்கமா இருந்துச்சு” என்கிறாள். ஒரே வீட்டில் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, ஆறேழு மாதம் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

டாக்டர் கூப்பிடுகிறார். சகாயநாதன் வாசலில் ஐஸை உடைத்துக்கொண்டிருக்கிறான். நன்றாக வந்தால் வந்தது என்று எழுது. வராவிட்டால் வரவில்லை என்றே எழுது, ஒளிக்காதே.

அப்பா

*

பம்பாய்
19-3-1984

அன்புள்ள அப்பா,

இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஊகித்த மாதிரியே, ஊகித்ததைவிட அதிகமாகவே ரிசப்டர் இருக்கிறது. இரண்டு தடவை செய்து பார்த்தேன், மேடம் மூன்றாவது தடவை தன் கையால் செய்தார். ஆபரேஷன் இப்போது வேண்டாம், முதலில் மாத்திரை. உங்கள் டாக்டரும் ஒத்துக்கொண்டு தந்தி அடித்திருக்கிறார். பொய் சொல்ல மாட்டேன்: எலும்பில் இருப்பது அடியோடு போய்விடாது. அடங்கிக் கிடக்கலாம், சிலருக்கு வருஷக்கணக்கில். வலி குறையும். மாத்திரை கேட்காமல் போகிற ஒரு நாள் வந்தால் அன்றைக்கு மற்றதை யோசிப்போம்.

இதோடு முடித்துவிட்டால் நான் நல்ல மகள். முடிக்க முடியவில்லை.

சகாயநாதன் மாமா ஃப்ளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டே வந்தாராம், ஏர்ஹோஸ்டஸ் வாங்கி மேலே வைக்கிறேன் என்றதற்கும் கொடுக்கவில்லையாம். நேராக லாபுக்குள் வந்து, உரக்கத் தமிழில், “இந்தாம்மா, அப்பாவை பத்திரமா கொண்டாந்து சேத்துட்டேன்” என்றார். யாருக்கும் புரியவில்லை. மேடம் என்னைப் பார்த்து, “யாருடையது? உன் சொந்தக்காரரா?” என்று கேட்டார்.

“இல்லை, எங்கள் ஊர்க்காரர் ஒருவர்” என்று சொல்லிவிட்டேன்.

ஸ்லைடு வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை நாள் யோசித்துவிட்டேன். என் அப்பாவின் நெஞ்சை, என் அப்பாவின் அந்த ஆபரேஷனை லாபில் அத்தனை பேரும் சாயந்திரம் டீ குடித்துக்கொண்டே பேசுவார்களே என்று கூசியது. மற்றவர்களின் அம்மாவை, பெண்டாட்டியைப் பற்றி நான் அப்படித்தான் பேசியிருக்கிறேன், நோயாளி நம்பரைச் சொல்லி, கிரேடைச் சொல்லி. உங்களுக்கு வெட்கம் என்று எத்தனை வீறாப்பாக எழுதினேன். படித்தவள், விஞ்ஞானம் தெரிந்தவள், என்னால் ‘அப்பா’ என்ற ஒரு சொல் சொல்ல முடியவில்லை. மாமாவுக்கு இங்கிலீஷ் ஓரளவு தெரியும். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. காலி ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உங்களிடம் சொல்லியிருப்பாரோ என்று பயந்துதான் நானே எழுதிவிடுகிறேன்.

பேட்ரிசியா

*

திருச்சி
27-3-1984

பாப்பா,

சகாயநாதன் ஒன்றும் சொல்லவில்லை. ‘பேட்ரிசியா நல்லா பாத்துக்கிட்டா மாஸ்டர்’ என்றுதான் சொன்னான்.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வரும் என்று நீ நினைத்திருப்பாய். வரவில்லை. ஏன் என்று கேள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைச் சீட்டோடு தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். மெட்ராஸிலிருந்து வரவழைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம் வந்துவிட்டது. சின்ன வெள்ளை மாத்திரை, அதற்குள் என் ஆயுசு இருக்கிறதாம். கடைக்காரப் பையன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “இது லேடீஸுக்குள்ள மாத்திரையாச்சே சார், யாருக்கு?” என்றான். பின்னால் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சகாயநாதனிடமே சொன்னவன், உன் அம்மாவிடம் சொன்னவன், இனி எனக்கு என்ன வெட்கம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கடைப்படி ஏறியிருந்தேன்.

“வீட்டுக்காரிக்கு” என்று சொல்லிவிட்டேன்.

“அம்மாவை நல்லா பாத்துக்குங்க சார்” என்று வேறு சொன்னான். சரிப்பா என்று வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னதும் முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கில்லாத வியாதியை அவள் தலையில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறேன். நீ என்னை ஊர்க்காரர் ஆக்கினாய், நான் உன் அம்மாவை நோயாளி ஆக்கினேன். யாரை யார் திட்டுவது?

மாத்திரை சாப்பிடுகிறேன், காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. உடம்பு அவ்வப்போது குப்பென்று வேர்க்கிறது. உன் அம்மா எனக்கு விசிறிக்கொண்டே, தனக்கும் விலக்கு நின்ற அந்த வயதில் இப்படித்தான் இருந்தது என்கிறாள். இத்தனை வருஷத்தில் அவள் அதை என்னிடம் சொன்னதே இல்லை, நான் கேட்டதும் இல்லை.

இப்போது வாங்கியது ஈஸ்டர்வரை வரும். அதே கடைக்குத்தான் மறுபடி போக வேண்டும், வேறு கடையில் இந்த மாத்திரை கிடையாது. ஈஸ்டருக்கு வா. நாம் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். அந்தப் பையன் கேட்டால் நீ சொல்லு, என் அப்பாவுக்கு என்று. சத்தமாகச் சொல்ல வேண்டாம், அவனுக்குக் கேட்டால் போதும். நான் உன் பக்கத்திலேயே நிற்கிறேன், எங்கும் போய்விட மாட்டேன்.

அப்பா